எண்ணித் துணிந்த கட்டடங்கள்

சிட்னி ஓபரா ஹவுஸுக்கு 1957-ல் போட்ட மதிப்பீடு, ஆஸ்திரேலிய டாலரில் சொன்னால், 70 லட்சம். 1973 அக்டோபரில் எலிசபெத் அரசி திறந்துவைத்தபோது ஆகியிருந்த செலவு 10 கோடியே 20 லட்சம். 1963 ஜனவரியில் முடியும் என்றிருந்த வேலை பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்துக்கொண்டது. கணக்குத் தணிக்கை செய்கிற எவரும் இதைத் தோல்வி என்றே எழுதுவார். ஆனால் 2007-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்திரேலியா என்றதும் உலகில் பாதிப் பேருக்கு நினைவில் எழுவது அந்த வெள்ளைக் கூரைதான்.

மக்கள் பணத்தில் எழுப்பும் கட்டடம் எவ்வளவு துணிச்சலாக இருக்கலாம் என்ற வழக்கில் இரு தரப்பும் சிட்னியைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன. துணிச்சல் ஆடம்பரம், கூரையும் கழிவறையும் ஒழுங்காக இருந்தால் போதும் என்பது ஒரு தரப்பு. பயனை மட்டும் பார்த்துக் கட்டியிருந்தால் உலகில் நினைவுச் சின்னம் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்பது மறு தரப்பு. இந்த விவாதம் முடியாமலே தொடர்வதற்கு ஒரு காரணம் உண்டு. வெவ்வேறான மூன்று கணக்குகளை இரு தரப்பும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றன: கட்டி முடிக்க ஆகும் செலவு, கட்டியபின் வேலைக்கு ஆகிறதா என்பது, ஐம்பது ஆண்டு அதைத் தாங்கிப் பிடிக்க ஆகும் செலவு. மூன்றையும் பிரித்துவைத்துப் பார்த்தால், துணிச்சலின் தலையில் சுமத்தப்படும் பழிகளில் பெரும்பகுதி வேறொன்றுக்குச் சேரவேண்டியது என்று தெரியவரும்.

மதிப்பீடு எங்கே பொய்க்கிறது

சிட்னியில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். போட்டிக்கு 233 வடிவங்கள் வந்தன. வென்றவர் டென்மார்க்கின் யோர்ன் உட்சன். அப்போது அவருக்கு 38 வயது. அவர் அனுப்பியவை பெரும்பாலும் கோட்டோவியங்கள். அந்தச் சிப்பிக் கூரையை எப்படி நிற்கவைப்பது என்பது வென்ற நாளில் அவருக்கும் தெரியாது, பின்னர் உடன் சேர்ந்த ஓவ் அரூப் நிறுவனத்துப் பொறியாளர்களுக்கும் தெரியாது. அதில் குற்றமில்லை. புதிய வடிவம் எதுவும் அப்படித்தான் பிறக்கும். குற்றம் அடுத்த படியில் நேர்ந்தது. 1959 மார்ச்சில் மாநிலத் தேர்தல் வந்தது. தன் காலத்துக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டுவிடும் என்று அஞ்சிய நியூ சவுத் வேல்ஸ் பிரீமியர் ஜோ காஹில், வரைபடங்கள் முடியும் முன்பே கட்டுமானத்தைத் தொடங்கவைத்தார்.

விளைவு எதிர்பார்க்கக் கூடியதே. மேலே வரப்போகும் எடை தெரியாமல் அடிமேடையில் எழுப்பிய தூண்கள் பின்னால் போதாமல் போயின. அவற்றை அகற்றிவிட்டு வலுவாக மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. கூரைக்கான விடை 1961-ல்தான் கிடைத்தது. எல்லாச் சிப்பிகளையும் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுத்ததாகக் கொண்டால் வளைவுகள் எல்லாம் ஒரே அளவாகிவிடும். ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கான்கிரீட் துண்டுகளை வார்க்கலாம். அப்படி 2,194 துண்டுகள் வார்க்கப்பட்டன. அழகும் சிக்கனமும் ஒரே தீர்வில் சேர்ந்த இடம் இது. இந்த விடை அடிக்கல்லுக்கு முன்பே கிடைத்திருந்தால் செலவுக் கதையே வேறாக இருந்திருக்கும்.

1965-ல் ஆட்சி மாறியது. புதிய பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹியூஸ் பணம் வழங்குவதை இறுக்கிப் பிடித்தார். 1966 பிப்ரவரியில் உட்சன் விலகி ஊர் திரும்பினார். முடிந்த கட்டடத்தை நேரில் பார்க்காமலே 2008-ல் இறந்தார். உட்புற வடிவமைப்பை வேறொரு குழு ஏற்றது. அப்போது பெரிய அரங்கு கச்சேரிக்கு மட்டும் என்று முடிவாகி, ஓபரா சிறிய அரங்குக்குத் தள்ளப்பட்டது. பெயரிலேயே ஓபராவைத் தாங்கிய கட்டடத்தில் ஓபரா வாத்தியக் குழு நெருக்கியடித்து உட்கார வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது.

எடின்பரோவிலும் இதே கதை வேறு வேடத்தில் நடந்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 1 கோடி முதல் 4 கோடி பவுண்டு வரை ஆகலாம் என்று 1997-ல் அரசின் வெள்ளை அறிக்கை சொன்னது. 2004-ல் முடிந்தபோது 41.4 கோடி ஆகியிருந்தது. ஸ்பெயினின் என்ரிக் மிராயெஸ் தந்த வடிவம் சிக்கலானதுதான். ஆனால் ஃப்ரேசர் பிரபு தலைமையிலான விசாரணை சுட்டிக்காட்டிய முதன்மைக் காரணம் வேறு: வடிவமைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வேலையைத் துண்டு துண்டாக ஒப்பந்தத்துக்கு விடும் முறையைத் தேர்ந்தது. அந்த முறையில் ஒவ்வொரு மாற்றத்தின் சுமையும் அரசின் தலையில்தான் விழும். இதற்கிடையே தேவைப்பட்ட பரப்பும் பெருகிக்கொண்டே போனது. கட்டடக்கலைஞரும், திட்டத்தை முன்னெடுத்த முதல் அமைச்சர் டொனால்ட் டூவரும் 2000-ஆம் ஆண்டிலேயே இறந்துபோயினர். 2005-ல் அந்தக் கட்டடம் பிரிட்டனின் உயரிய கட்டடக்கலை விருதான ஸ்டிர்லிங் பரிசை வென்றது.

ஹாம்பர்கின் எல்ப்ஃபில்ஹார்மனி கச்சேரி அரங்கில் நகரத்தின் பங்கு 7.7 கோடி யூரோ என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. 2017 ஜனவரியில் திறந்தபோது வரிப்பணத்திலிருந்து போயிருந்தது 78.9 கோடி. பழைய துறைமுகக் கிடங்கின் தலையில் கண்ணாடி அலையை ஏற்றிய அந்த வடிவம் துணிச்சலானதுதான். இங்கும் வரைபடங்கள் முதிரும் முன்பே டெண்டர் விடப்பட்டது. நகரம், கட்டடக்கலைஞர், ஒப்பந்ததாரர் மூவரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருக்க, வேலை ஓராண்டுக்கு மேல் நின்றே போனது.

மூன்று நகரங்கள், மூன்று ஆட்சிமுறைகள், ஒரே பிழை. வளைவும் கண்ணாடியும் பணத்தை விழுங்கியது உண்மை. அவற்றை எப்படிக் கட்டுவது என்று கண்டுபிடிக்கும் வேலை, தீர்க்கும் இடமான மேசையிலிருந்து கட்டுமானத் தளத்துக்கு நகர்ந்துபோனதுதான் அதைப் பன்மடங்காக்கியது. துணிச்சல் காகிதத்தில் இருக்கும்வரை மலிவு. அங்கே ஒரு கோட்டை அழிக்க ரப்பர் போதும். கான்கிரீட்டில் அழிக்கக் கடப்பாரையும் திருத்திய மதிப்பீடும் வேண்டும்.

கணக்கு தப்பாத துணிச்சல்கள்

துணிச்சலே செலவை ஏற்றுகிறது என்றால், துணிச்சலான கட்டடம் எதுவும் மதிப்பீட்டுக்குள் முடிந்திருக்கக் கூடாது. முடிந்தவை உண்டு. ஸ்பெயினின் பில்பாவ் நகரில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997 அக்டோபரில் திறக்கப்பட்டது. சிட்னியைவிடச் சிக்கலான வளைவுகள் கொண்டது. ஆனாலும் ஏறத்தாழ 10 கோடி டாலர் என்ற வரம்புக்குள், சொன்ன காலத்தில் முடிந்தது. கெரியின் குழு முதலில் மாதிரிகளைச் செய்து செய்து கலைத்துப் பார்த்தது. பிறகு விமானத் தொழிலுக்கென உருவான கட்டியா என்ற மென்பொருளில் ஒவ்வொரு வளைவையும் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு எஃகுத் துண்டின் அளவையும் முன்கூட்டியே கணக்கிட்டது. ஒப்பந்ததாரர்கள் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துக்கென்று விலையை ஏற்றிச் சொல்லத் தேவையில்லாமல் போனது. மேற்பரப்புக்கான டைட்டானியம் விலை அந்தச் சமயம் இறங்கியிருந்ததும் கைகொடுத்தது.

நார்வேயின் ஆஸ்லோ ஓபரா இன்னொரு சான்று. ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்து 2008-ல் திறக்கப்பட்ட இதன் கூரை, கடல்நீர் விளிம்பிலிருந்து சரிவாக ஏறிச்செல்லும் வெண்சலவைக்கல் திடல். நுழைவுச்சீட்டு வாங்காதவரும் அதன்மேல் நடந்து உச்சிக்குப் போகலாம். ஓபராவுக்குப் போகிறவர்கள் எந்த நகரத்திலும் சிறுபான்மையினர்தான். மற்றவர்கள் வரிப்பணத்துக்கு அந்தக் கூரை ஒரு பதில். அரசுக் கட்டட நிறுவனமான ஸ்டாட்ஸ்பிக் இதை நடத்தி, ஒதுக்கிய 440 கோடி குரோனரில் சுமார் 30 கோடி மிச்சம் பிடித்து, காலத்துக்கு முன்பே முடித்தது. திறமையான அரசுத் துறை ஒன்று உரிமையாளராக இருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பில்பாவைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்ட நகரங்களும் உண்டு. அதே ஸ்பெயினில், சாந்தியாகோ தே கொம்பொஸ்தேலாவில், பீட்டர் ஐசன்மன் வடிவமைத்த கலீசியக் கலாசார நகரம் மதிப்பீட்டைப் பலமடங்கு தாண்டியது. திட்டமிட்ட கட்டடங்களில் சில எழும்பாமலே 2013-ல் வேலை நிறுத்தப்பட்டது. பில்பாவ் தன் ஆற்றைச் சுத்தம் செய்து, மெட்ரோ ரயில் விட்டு, துறைமுகத்தை இடம் மாற்றிய பெரிய மறுசீரமைப்பின் ஒரு பகுதிதான் அருங்காட்சியகம் என்பதைப் பின்தொடர்ந்தவர்கள் கவனிக்கவில்லை. மின்னும் தகடு மட்டும் அவர்கள் கண்ணில் பட்டது.

மறைந்திருக்கும் கையா, மறைக்கும் கையா

இந்த இடத்தில் அறிஞர்களிடையே பழைய சர்ச்சை ஒன்று குறுக்கிடும். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1967-ல் ஒரு கருத்தை வைத்தார். பெரிய திட்டங்களின் உண்மைச் சிரமங்கள் தொடக்கத்திலேயே தெரிந்தால் யாரும் தொடங்கவே மாட்டார்கள். அறியாமை என்கிற மறைந்திருக்கும் கை நம்மை இழுத்துவிடுகிறது. இறங்கியபின் மனிதனின் சமயோசிதமும் விழித்துக்கொண்டு சிரமத்தை வெல்கிறது என்றார். 10 கோடி ஆகும் என்று 1957-ல் சொல்லியிருந்தால் சிட்னியில் ஒரு செங்கல்லும் ஏறியிருக்காது என்பவர்கள் இந்த வாதத்தைத்தான் கையிலெடுக்கிறார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃபிளிவ்பியர்க் இதை ஏற்பதில்லை. உலகெங்கும் 16,000-க்கும் மேற்பட்ட பெருந்திட்டங்களின் தரவுகளைத் திரட்டியவர் அவர். செலவு, காலம் இரண்டிலும் சொன்னபடி முடிந்தவை 8.5 விழுக்காடுதான், வாக்களித்த பயனையும் சேர்த்துத் தந்தவை 0.5 விழுக்காடு என்கிறார். சமயோசிதத்தால் வெல்லப்பட்ட சிரமங்கள் அவருடைய கணக்கில் விதிவிலக்கு. வழக்கமாக நடப்பது செலவு ஏறுவதும் பயன் குறைவதும்தான். சிட்னியையும் பில்பாவையும் பக்கத்தில் வைத்து அவர் எடுக்கும் பாடம், திட்டமிடுதலில் நிதானம், கட்டுதலில் வேகம் என்பது. சிட்னியின் கசப்பான முடிவால், உலகம் உட்சனிடமிருந்து பெற்றிருக்கக் கூடிய மற்றக் கட்டடங்களை இழந்தது என்பதையும் அவர் செலவுக் கணக்கில் சேர்க்கிறார்.

இருவரில் ஃபிளிவ்பியர்கின் பக்கமே வலுவானது. ஹிர்ஷ்மனின் வாதம், வென்ற திட்டங்களை மட்டும் பின்னாலிருந்து பார்ப்பது. பாதியில் நின்றவை அதில் வராது. அது மக்களாட்சிக்கும் ஒவ்வாதது: உண்மைச் செலவைச் சொன்னால் மறுப்பார்கள் என்பதற்காகப் பொய்ச் செலவைச் சொல்வது, மக்கள் பணத்தை மக்களைக் கேட்காமல் எடுப்பதற்குச் சமம். சிட்னி தப்பித்ததற்குத் தனிக் காரணமும் உண்டு. அதன் செலவில் பெரும்பகுதி அதற்கென்றே நடத்திய அரசு லாட்டரியிலிருந்து வந்தது. 1975-க்குள் கடன் தீர்ந்தது. அந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது.

வாசலில் நிற்பவரின் கணக்கு

இரண்டாவது கணக்கு, பயன். வெனிஸ் நகரில் சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்த அரசியல் சாசனப் பாலம் 2008-ல் திறக்கப்பட்டது. கண்ணாடிப் படிகள், மழையிலும் பனியிலும் வழுக்கின. சக்கர நாற்காலியில் வருபவர் கடக்க வழியில்லை. பின்னர் ஒட்டவைத்த நகரும் பெட்டி சரிவர ஓடாமல் 2020-ல் கழற்றப்பட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டுக் கல் பதிப்பதென்று நகர நிர்வாகம் முடிவு செய்தது. பாலம் என்பது நடப்பதற்கானது. நடை தவறவைக்கும் பாலத்தில் வடிவத்தின் நேர்த்தியைப் பற்றிப் பேச எதுவுமில்லை.

சண்டிகரின் வழக்கு இத்தனை நேரானதல்ல. லே கொர்பூசியே அங்கே எழுப்பிய உயர் நீதிமன்றம், சட்டமன்றம், தலைமைச் செயலகம் மூன்றும் 2016-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. புதிதாகப் பிறந்த நாடு ஒன்று ஏழ்மையிலும் தன்னம்பிக்கையோடு நின்றதற்கு அவை சாட்சி. விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை. கச்சா கான்கிரீட், உள்ளூர்க் கைவேலை. வெயிலைத் தடுக்க முகப்பு முழுவதும் கான்கிரீட் தடுப்புகள் வைத்தார். ஆனால் பகலெல்லாம் வெயிலை வாங்கும் கான்கிரீட் மாலையில் அந்தச் சூட்டைத் திருப்பித் தந்தது. முதல் நீதிமன்ற அறையின் முன்னே வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத் தாழ்வாரம் வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றத்திலேயே வழக்காகி, பாரம்பரியச் சின்னத்தில் கைவைக்கலாமா என்ற விவாதமாக வளர்ந்தது. தாழ்வாரம் கட்டச் சொன்ன உயர் நீதிமன்றத்தின் ஆணையை 2025-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வட இந்திய வெயிலில் வழக்குக்கு வந்து காத்திருப்பவர் எங்கே நிற்பார் என்ற கேள்விக்குப் பதில் வர ஏறத்தாழ எழுபது ஆண்டு ஆனது.

பயனைக் கூட்டுகிற துணிச்சலும் உண்டு. 1977-ல் திறந்த பாரிஸின் பாம்பிடு மையத்தில் ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் குழாய்கள், படிகள், தூண்கள் எல்லாவற்றையும் கட்டடத்துக்கு வெளியே தள்ளினார்கள். அதனால் உள்ளே 48 மீட்டர் அகலத்துக்குத் தூணே இல்லாத தளங்கள் கிடைத்தன. நூலகம், கண்காட்சி, அரங்கு எதையும் எப்படியும் மாற்றிக்கொள்ளலாம். எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு கூட்டம் வந்தும் தாங்கியது. ஆனால் வெயிலிலும் மழையிலும் நிற்கும் குழாய்களுக்கு விலை உண்டு. 1990-களின் இறுதியில் ஒருமுறை மூடிப் புதுப்பித்தார்கள். 2025-ல் ஐந்தாண்டுப் பணிக்காக மறுபடி மூடினார்கள். ஒரே முடிவு பயனில் வரவாகவும் பராமரிப்பில் செலவாகவும் பதிவானது.

கட்டியபின் வரும் பில்

மூன்றாவது கணக்கைத்தான் திறப்பு விழா மேடையில் யாரும் பேசுவதில்லை. சிட்னிக் கூரையின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பளபளப்பு ஓடுகளைப் பெரும்பாலும் மழையே கழுவிவிடுகிறது. அந்த ஓட்டைத் தேடிக் கண்டுபிடிக்க உட்சன் செலவிட்ட காலம் இன்றும் மிச்சம் பிடித்துத் தருகிறது. ஸ்பெயினின் வலென்சியாவில் கலத்ராவா கட்டிய ஓபரா மாளிகையின் வெண்ணிற ஓட்டுச் சில்லுகள் திறந்து பத்தாண்டு நிறையும் முன்பே உதிரத் தொடங்கின. 2013 இறுதியில் கட்டடத்தை மூடி, சில்லுகளைப் பெயர்த்தெடுக்க நேர்ந்தது. இரண்டும் வெள்ளை, இரண்டும் வளைவு. வேறுபாடு மேற்பரப்பில் ஓடுகளை ஒட்டிய விதத்தில் இருந்தது.

சென்னைவாசிகளுக்கு இதில் வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2013-ல் திறந்த சென்னை விமான நிலையப் புதிய முனையங்களில் கண்ணாடிப் பலகையும் பொய்க்கூரைத் தகடும் விழுந்த கணக்கை நாளிதழ்கள் எண்ணி வெளியிட்டன. எண்ணிக்கை எண்பதைத் தாண்டியது. டெல்லியில் 2023 மே மாதம் திறந்த புதிய நாடாளுமன்றத்தின் முகப்புக் கூடத்தில் அடுத்த ஆண்டு மழைக்கே நீர் சொட்டியது. கண்ணாடிக் குவிமாடத்தின் பசை பெயர்ந்ததே காரணம் என்று மக்களவைச் செயலகம் விளக்கியது. இவை பெரும்பாலும் வேலைத்தரத்தின் குறைகள். ஆனால் வடிவமைப்பவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று மிஞ்சுகிறது: உயரத்தில் இருக்கும் அந்தப் பலகையை யார், எதில் ஏறி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்? சாரம் கட்டாமல் எட்ட முடியாத இடத்தை யாரும் துடைப்பதில்லை. துடைக்காத கண்ணாடி ஒரு பருவமழைக்குள் அழுக்கேறிக் கட்டடத்தையே பாழடைந்ததாகக் காட்டிவிடும்.

மேற்கு பார்த்த கண்ணாடி முகப்பு நம் ஊரில் இன்னொரு பில்லையும் அனுப்பும். அது மின்சாரக் கட்டணம். சுவர்ப்பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் கண்ணாடி கூடாது என்று எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிகள் சொல்வது இதனால்தான். கட்டுவதற்கான நிதி ஒரு தலைப்பில் ஒதுக்கப்படும்; பராமரிப்பு நிதி வேறு தலைப்பில், வேறு ஆண்டில், பெரும்பாலும் வேறு ஆட்சியில். முதலாவதில் மிச்சம் பிடித்தவருக்குப் பாராட்டு. இரண்டாவதில் தவிப்பவர் கட்டடத்தின் காப்பாளர்.

செந்நிற நீதிமன்றமும் மருத்துவமனையான செயலகமும்

சென்னையில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1888-ல் தொடங்கி 1892-ல் முடிந்த உயர் நீதிமன்றத்துக்கு அனுமதித்த தொகை சுமார் 9.45 லட்சம் ரூபாய். ஆனது சுமார் 13 லட்சம். மதிப்பீடு மீறுவது ஏதோ இந்தக் காலத்து நோய் என்பவர்கள் இதைக் கவனிக்கலாம். பிராசிங்டன் தொடங்கிய வடிவத்தை ஹென்றி இர்வின் முடித்தார். குவிமாடங்களும் கோபுரங்களுமாக அந்தக் காலத்தில் அது ஆரவாரமான கட்டடம். ஆனால் அதன் தடித்த சுவர்களும் நீண்ட தாழ்வாரங்களும் உயர்ந்த கூரையும் சென்னை வெயிலுக்குப் பொருந்தியவை. அழகுக்காக எழுப்பிய உயர்ந்த கோபுரத்தில் 1894-ல் கலங்கரை விளக்கை ஏற்றினார்கள். மெரினாவில் புதிய விளக்கு வந்த 1977 வரை அது கப்பல்களுக்கு வழிகாட்டியது. ஆரவாரமும் ஒரு வேலையைச் சுமந்தது.

ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் எழுந்த புதிய தலைமைச் செயலகம் இதற்கு நேர்மாறு. ஜெர்மனியின் கெர்கன், மார்க் நிறுவனம் வடிவமைத்த அந்தக் கட்டடத்தை 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். மேலே வரவேண்டிய குவிமாடம் அன்று முடிந்திருக்கவில்லை. விழாவுக்காகத் திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கொண்டு தற்காலிகக் குவிமாடம் அமைத்தார்கள். கட்டடத்தின் நாட்காட்டியை விழாவின் நாட்காட்டி ஓட்டியது. 2011-ல் ஆட்சி மாறியதும் செயலகம் மறுபடி கோட்டைக்கே போனது. 2014-ல் அந்தக் கட்டடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. இதை அரசியல் பகை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு கட்சியின் அடையாளமாக மக்கள் மனத்தில் பதிந்த கட்டடத்துக்கு அடுத்த கட்சியிடம் என்ன பாதுகாப்பு இருக்கும் என்பது வடிவமைப்பையும் சேர்ந்த கேள்விதான். சட்டமன்றத்துக்கென்று வரைந்த வட்டங்களில் அறுவைச் சிகிச்சை அரங்குகளைப் பொருத்த வேண்டியிருந்தது. பொருந்திய பிறகு, கொரோனா காலத்தில் அது பல ஆயிரம் பேருக்குப் பயன்பட்டது.

2010 செப்டம்பரில் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் அதே ஆபத்து வந்தது. குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றும் அறிவிப்பு 2011-ல் வந்தது. உயர் நீதிமன்றம் தடுத்தது. இங்கே கட்டடத்துக்குத் துணை நின்றவர்கள் அதைப் பயன்படுத்தியவர்கள்: போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்தவர்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர், சொந்தப் புத்தகத்தோடு வந்து உட்கார இடம் கிடைத்தவர்கள். ஓராண்டிலேயே ஒரு கூட்டம் தன்னுடையது என்று உரிமை கொண்டாடிய கட்டடத்தை மாற்றுவது அரசுக்கு எளிதாக இல்லை.

குறைந்த செலவில் கூடுதல் துணிச்சல்

இதுவரை பேசிய துணிச்சல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தில் இருந்தது. செங்கல்லை அடுக்கும் முறையிலும் துணிச்சல் உண்டு. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தை லாரி பேக்கர் 1970-களில் கட்டினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டில் சுமார் கால் பங்குச் செங்கல் மிச்சம். இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட் பெரிதாக வேலை செய்வதில்லை என்பதால் அங்கே பழைய ஓடுகளை வைத்து நிரப்பினார். சன்னலுக்குப் பதில் செங்கல் ஜாலி. மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார். தம்பானூர் பேருந்து நிலையம் அருகே அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ், சுருளாக ஏறிச்செல்லும் ஒரே சாய்தளம். அதன் ஓரத்திலேயே மேசைகள். துணிச்சலில் அது எந்த நட்சத்திரக் கட்டடக்கலைஞருக்கும் குறைந்ததல்ல. செலவோ சாதாரண மக்களின் கூட்டுறவுச் சங்கம் தாங்கும் அளவு.

பேக்கரின் முறை அரசுத் துறைகளில் ஏன் பரவலாகவில்லை? ஒரு காரணம் கைத்திறன். பூச்சு இல்லாத சுவரில் கொத்தனார் செய்யும் பிழையை மறைக்க வழியில்லை. இன்னொரு காரணம் அலுவலகக் காகிதம். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் இல்லாத வேலைக்குப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கத் தயங்குவார்; மதிப்பீடு இல்லாமல் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லை; ஒப்புதல் இல்லாமல் டெண்டர் இல்லை. கட்டும் செலவில் விழுக்காட்டுக் கணக்கில் கட்டணம் பெறும் ஆலோசகருக்குச் சிக்கனம் வருமான இழப்பும்கூட.

இலங்கையில் ஜெஃப்ரி பாவா கட்டிய நாடாளுமன்றம் பெரிய அளவில் இதே பாதையைக் காட்டுகிறது. 1979-ல் பணி ஒப்படைக்கப்பட்டது; 1982 ஏப்ரலில் திறப்பு. கோட்டேயின் சதுப்பு நிலத்தைத் தூர்வாரி ஏரியாக்கி, நடுவே தீவில், அகன்ற இறவாரங்களோடு செப்புக் கூரைகள். மழை நாட்டுக்கு ஏற்ற சரிவுக் கூரை என்ற பழைய விடையையே அவர் தேசிய அடையாளமாக உயர்த்தினார். தாழ்நிலத்தின் குணமும் போகவில்லை: 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்றமே வெள்ளத்தில் சிக்கியது.

பெட்டியும் மலிவல்ல

துணிச்சலுக்கு அஞ்சி ஒதுங்குவதால் பணம் மிஞ்சுகிறதா என்றும் பார்க்கவேண்டும். மலைக்கும் கடற்கரைக்கும் ஒரே மாதிரி வரைபடம் போகும் பழக்கம் நம் அலுவலகக் கட்டடங்களில் பழையது. மொட்டை மாடி சில ஆண்டுகளில் ஒழுகும். அதன்மேல் தகரக் கொட்டகை ஏறும். தாழ்வாரத்துக்குக் கம்பி அடித்துப் பழைய கோப்புகளை அடுக்குவார்கள்; மனு கொடுக்க வந்தவர் வேப்பமரத்தடிக்குப் போவார். சாய்தளம் பிறகு நினைவுக்கு வந்து, ஏறமுடியாத செங்குத்தில் ஒட்டவைக்கப்படும். இந்தக் கட்டடங்கள் எதுவும் தலைப்புச் செய்தி ஆவதில்லை, செலவு சில்லறையாகப் போவதால்.

குறைந்த விலைப்புள்ளிக்கே வேலை என்ற டெண்டர் விதிக்கு நியாயம் உண்டு; அது ஊழலுக்குப் போட்ட பூட்டு. ஆனால் வரைபடம் அரைகுறையாக இருக்கும் இடத்தில் குறைந்த விலைப்புள்ளி என்பது பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையின் விலைதான். 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம், தரம் முக்கியமான பணிகளில் விலை சாராத தகுதிக்கு 30 விழுக்காடு வரை மதிப்பெண் தரலாம் என்று விதியைத் தளர்த்தியது. நல்ல தொடக்கம். அதைவிட அவசியமானது, முழு வரைபடமும் பராமரிப்புத் திட்டமும் இல்லாமல் டெண்டர் கூடாது என்ற கண்டிப்பு.

இந்த உதாரணங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அரசு ஒரு புதிய கட்டடத்தின் மாதிரியைக் காட்டும்போது நாம் கேட்கவேண்டியவை தெளிவாகின்றன. வரைபடம் முடிந்துவிட்டதா, தேர்தலுக்காக ஓடுகிறதா? இதில் உள்ள புதுமை வெயிலையும் மழையையும் தாங்குகிறதா, காத்திருப்பவருக்கும் நடக்க முடியாதவருக்கும் உதவுகிறதா? பத்தாவது ஆண்டில் இதைப் பராமரிக்கும் பணம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது? இன்றைய தேவை மாறினால் இந்தத் தளங்கள் வேறு வேலைக்கு வளையுமா? இவற்றுக்கு அடிக்கல் நாட்டும் முன் எழுத்தில் பதில் தரும் அரசுக்கு எந்த வளைவையும் எந்த உயரத்தையும் தாராளமாக அனுமதிக்கலாம். பதில் இல்லாத அரசு வெறும் சதுரப் பெட்டியைக் கட்டினாலும் நமக்குக் கட்டுப்படியாகாது.